வேன் பிடித்துப் போய் வெளியில் தங்கும் இரவுக்கு விளக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி

மாசி மாதத்துச் சிவராத்திரிக்குக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்துக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய், அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, இரவு முழுவதும் தங்கிவிட்டு மறுநாள் வீடு திரும்புவது வழக்கம். கோயில் பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளிக் கண்மாய்க் கரையிலோ, கருவேலம் புதர் மண்டிய செம்மண் பொட்டலிலோ இருக்கும். அன்றைய திதி தேய்பிறைச் சதுர்த்தசி. நிலவு விடியும் தறுவாயில் மெல்லிய கீற்றாக எழுமே தவிர, இரவுக்கு எந்த உதவியும் செய்யாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக்குப் பின்னால் சாமான் வண்டியில் போகிறவர்களுக்கோ நிலைமை நேர்மாறானது. பூசம் முழுநிலவை ஒட்டி வருவதால், வழியில் தங்கும் இரவுகளில் நிலா வெளிச்சமே பாதி வேலையைச் செய்துவிடும். ஆகவே விளக்கு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். போகும் இரவில் நிலவு எப்போது எழும், எப்போது மறையும் என்பது தெரிந்தால்தான் எத்தனை விளக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்ற கணக்கே தொடங்கும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படிக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் வண்டியில் போய் வெளியில் தங்கி வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: கண்ணைப் பறிக்கும் ஒரே ஒரு பெரிய விளக்கை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். வெளியில் தங்கும் இரவில் நமக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. நடக்க வேண்டும், சமைத்துப் பரிமாற வேண்டும், படுக்க வேண்டும். மூன்றுக்கும் தேவைப்படும் வெளிச்சம் வேறு வேறு. நடப்பதற்கு முன்னால் நீளும் ஒளி; சமைப்பதற்கு மேலிருந்து பரவி விழும் ஒளி; படுத்த பிறகு தரையை மட்டும் காட்டும் மங்கல் ஒளி. இந்த மூன்றையும் தனித்தனியாக, சிறியதாக, குறைந்த மின்சாரத்தில் எரிவதாக வாங்குவதே சரியான வழி.

நடக்கும் விளக்கு

நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்ளும் டார்ச்தான் நடப்பதற்கு மிகவும் நல்லது. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடமோ விறகோ இருக்கும்போது கையில் டார்ச்சைப் பிடிக்க இயலாது. லூமென் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. 100 முதல் 200 லூமென் வெளிச்சம் தாராளம். அதில் 10 லூமெனுக்கும் குறைவான ஒரு மங்கல் நிலையும், சிவப்பு நிலையும் இருந்தால் நல்லது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். சிவப்பு வெளிச்சத்தில் அது பெரும்பாலும் கெடுவதில்லை.

இந்த விளக்கை நான் வசதிக்காக மட்டும் வலியுறுத்தவில்லை. நம் பகுதியில் கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. சுருட்டை விரியன் வறண்ட கல் தரையிலும் மணல் தரையிலும் நிறத்தோடு நிறமாகச் சுருண்டு கிடக்கும். வேனிலிருந்து இறங்கி இருபது அடி தள்ளிப் போகும் குழந்தைக்குக்கூடத் தனியாக ஒரு சிறு டார்ச் இருக்க வேண்டும். டார்ச்சை எதிரே தூரத்தில் அடித்துக்கொண்டு நடக்காமல், காலடிக்கு ஆறேழு அடி முன்னால் தரையில் அடித்து நடக்கப் பழக்குங்கள். வெறும் தரையில் படுக்காமல் வண்டிக்குள்ளோ, கட்டிலிலோ, பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலைக்குள்ளோ படுப்பது இதோடு சேர்ந்த பாதுகாப்பு.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்களையும் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். நல்ல டார்ச்சுகளில் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற தர அளவின்படி எரியும் நேரத்தைக் குறிப்பிடுவார்கள். அந்த அளவில் '8 மணி நேரம்' என்றால், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம் என்று பொருள். எட்டு மணி நேரமும் ஒரே சீராக எரியும் என்று நம்பிவிடக் கூடாது. அதைப் போலவே '150 மீட்டர் தூரம்' என்பது, ஒளி முழுநிலவின் வெளிச்சத்தளவுக்குத் தேய்ந்துபோகும் தூரம். அந்தத் தூரத்தில் ஆளின் முகம் தெரியாது. ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சமைக்கும் விளக்கு

இதில்தான் அதிகக் கவனம் தேவை. வெளிச்சத்தின் அளவைவிட நிறம் இங்கே முக்கியம். எல்.இ.டி. விளக்குகளின் பெட்டியில் 2700 கே, 3000 கே, 6500 கே என்று எழுதியிருக்கும். கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு. எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். கூடக் கூட நீலம் கலந்த வெள்ளையாகும். வெளியில் சமைப்பதற்கு 3000 கே-யைத் தாண்டாத, 'வார்ம்' என்று குறிக்கப்பட்ட விளக்கை வாங்குங்கள். நீலம் கலந்த வெளிச்சம் பூச்சிகளை அதிகம் இழுக்கும், மஞ்சள் வெளிச்சம் குறைவாக இழுக்கும் என்பதே முதற்காரணம்.

ஓர் ஐப்பசியில், மழை விட்ட மறுநாள் மாலை, கண்மாய்க் கரையில் வேனை நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்தோம். வேனின் பின்கதவில் வெள்ளை வெளேரென்று எரியும் பட்டை விளக்கு ஒன்றை அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டிருந்தோம். ஏழு மணி வாக்கில் ஈசல் கிளம்பியது. முதலில் நாலைந்து விளக்கைச் சுற்றின. பிறகு புகைபோல மொய்த்தன. இறகு உதிர்ந்து உதிர்ந்து சாம்பார்ச் சட்டியின் மேல் ஆடைபோலப் படிந்ததை இன்றும் கண்ணில் காண்கிறேன். அப்பத்தா சட்டியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, "விளக்கை அங்கிட்டுத் தூக்கிட்டுப் போய் வைங்கடா, எல்லாம் அது பின்னாலேயே போயிரும்" என்றார்கள். அப்படியே செய்தோம். முப்பது அடி தள்ளி ஒரு வேப்பமரத்தில் அந்த வெள்ளை விளக்கைக் கட்டிவிட்டு, இங்கே மஞ்சள் விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டதும் ஈசல் கூட்டம் வேப்பமரத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மழைக்காலத்துப் பயணத்தில் பூச்சிக்கென்று ஒரு மலிவான வெள்ளை விளக்கைத் தனியே எடுத்துப் போகிறோம்.

நிறம் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவான எல்.இ.டி. வெளிச்சத்தில் பொருள்களின் உண்மையான நிறம் தெரியாது. இதை அளக்கச் சி.ஆர்.ஐ. என்றோர் எண் இருக்கிறது. சூரிய ஒளிக்கு 100. பெட்டியில் 80-க்கு மேல் இருக்க வேண்டும், 90 இருந்தால் மிக நன்று. கறியைக் கழுவிச் சுத்தம் செய்யும்போதும், சோம்பும் மிளகும் வரமிளகாயும் வறுபட்டுக் கருகுவதற்கு முன் இறக்கும்போதும் நிறத்தைப் பார்த்துத்தானே கை வேலை செய்கிறது? கடையில் எண் எழுதியிருக்கவில்லை என்றால், விளக்கை எரியவிட்டு உள்ளங்கையை அதன் கீழே நீட்டிப் பாருங்கள். தோல் சாம்பல் பூத்ததுபோலத் தெரிந்தால் அந்த விளக்கு சமையலுக்கு உதவாது. ஒரு வரமிளகாயைச் சட்டைப் பையில் எடுத்துப் போய், அது சிவப்பாகத் தெரிகிறதா, பழுப்பாகத் தெரிகிறதா என்று பார்ப்பவன் நான். கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி.

அளவைப் பொறுத்தவரை, அடுப்பைச் சுற்றி 200 முதல் 300 லூமென், பத்துப் பதினைந்து பேர் பந்தி உட்கார 300 முதல் 400 லூமென் போதும். விளக்கு நிற்பவர் தலைக்கு மேலே, சுமார் ஏழடி உயரத்தில் தொங்க வேண்டும். கண் மட்டத்தில் தொங்கும் விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண்ணைக் கூசச் செய்து, அதற்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். சமைப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் அவருடைய நிழலே சட்டியில் விழும். எனவே 300 லூமெனில் ஒரு விளக்குக்குப் பதிலாக 150 லூமெனில் இரண்டு வாங்கி இடமும் வலமும் தொங்கவிடுவது நல்லது. காந்தம் பொருத்திய பட்டை விளக்கு வேனின் இரும்பு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத் தகட்டிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. எனவே கொக்கியும் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். நைலான் கயிறு ஒரு சுருணை வண்டியில் கிடக்கட்டும்.

பரவும் விளக்கு கைவசம் இல்லாமல் போனால், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனில் நீர் நிரப்பி, நெற்றி டார்ச்சை விளக்கு உட்புறம் பார்க்குமாறு அதன் மேல் கட்டிவிடுங்கள். கேன் முழுவதும் பால்போல ஒளிர்ந்து, பாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போதுமான வெளிச்சம் தரும்.

படுக்கும் விளக்கு

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 லூமென், மஞ்சள் நிறம், முழங்காலுக்குக் கீழே வைக்கும்படியான உருவம். நள்ளிரவில் எழுந்திருப்பவர் செருப்பைத் தேடி உதறிப் போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தரை தெரிந்தால் போதும்.

மின்சாரக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவராத்திரியில், நாங்கள் கொண்டுபோன விளக்கு ஒன்பது மணிக்கே மங்கிவிட்டது. வேன் ஓட்டி வந்த தம்பி, "அண்ணே, ஹெட்லைட்டப் போட்டு விடுறேன், நீங்க அடுப்பு வேலையப் பாருங்க" என்று பரிவோடு சொன்னார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். முகப்பு விளக்கு ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்து 110 வாட். பின்விளக்குகளையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து மணிக்குப் பத்து ஆம்பியர்-மணி போய்க்கொண்டிருக்கும். நள்ளிரவு தாண்டியும் அது எரிந்துகொண்டிருந்தது. விடிந்ததும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் வந்தது. வயதானவர்களை எல்லாம் வெயிலில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரரிடம் கெஞ்சிக் கம்பி இணைத்து வண்டியைக் கிளப்பும்போது மணி பத்தாகிவிட்டது. எங்கள் கவனக்குறைவுக்கு அப்பத்தா பசியோடு காத்திருக்க நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வண்டியின் பேட்டரி இயந்திரத்தைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. சில நொடிகள் பெருமளவில் மின்சாரம் கொடுத்துவிட்டு உடனே திரும்ப ஏற்றிக்கொள்வது அதன் இயல்பு. மெதுவாக அடிமட்டம் வரை வடித்தால் அதன் ஆயுள் குறையும். சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி அளவு பேட்டரிதான் இருக்கும். முகப்பு விளக்கை இரண்டு மணி நேரம் எரித்தாலே பாதிக்கு மேல் போய்விடும். இயந்திரம் ஓடாமல் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, 12.2-க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருந்தால் எரியும் உள்விளக்கையும் மறக்காமல் அணையுங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றி, அதில் அடாப்டரைச் செருகி மறுபடியும் 5 வோல்ட்டாகக் குறைத்து விளக்கெரிப்பது இரு முறை நஷ்டம்.

சரியான ஏற்பாடு இதுதான்: வண்டி ஓடும்போது பவர் பேங்கை ஏற்றிக்கொள்வது, நின்ற பிறகு விளக்குகளை எல்லாம் பவர் பேங்கில் மட்டும் எரிப்பது. எவ்வளவு பெரிய பவர் பேங்க் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 10,000 என்று எழுதியது 37 வாட்-மணி. 20,000 என்று எழுதியது 74 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. சமையல் விளக்கு 5 வாட் வீதம் மூன்று மணி நேரம் 15 வாட்-மணி, உட்கார்ந்து பேசும் இடத்து விளக்கு 3 வாட் வீதம் நான்கு மணி நேரம் 12, படுக்கை விளக்கு அரை வாட் வீதம் எட்டு மணி நேரம் 4, ஆக 31. சிறிய பவர் பேங்க் இதற்கே திணறும். நாலைந்து கைப்பேசிகளும் அதில் பங்குக்கு வரும். எனவே ஓர் இரவுக்கு 20,000 அளவு கொண்டதை வாங்குவதே நிம்மதி.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பவர் பேங்குகளில் பல, மிகக் குறைந்த மின்சாரம் போகும்போது, கருவி நிறைந்துவிட்டது என்று கருதித் தாமாகவே நின்றுவிடும். படுக்கை விளக்கு நள்ளிரவில் காரணமின்றி அணைவது பெரும்பாலும் இதனால்தான். வாங்கிய அன்றே வீட்டில் அந்த விளக்கையும் அந்தப் பவர் பேங்கையும் இணைத்து ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால், தனக்குள்ளேயே பேட்டரி உள்ள படுக்கை விளக்கை வாங்குங்கள்.

சூரிய ஒளியில் ஏறும் விளக்குகளை நம் ஊர் வெயிலை நம்பி வாங்க ஆசை வரும். விளக்கின் தலையில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுத் தகடு 1 வாட் இருந்தால் பெரிது. நாள் முழுவதும் நல்ல வெயிலில் வைத்தாலும் நாலைந்து வாட்-மணிக்கு மேல் ஏறாது. அதை அவசரத்துக்கு ஒரு துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏற்றுவதற்காகக் கண்ணாடிக்கு உள்ளே டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் ஏற்றுவது ஆபத்து.

பேட்டரியில் ஏமாறாமல் இருக்க

சந்தைக் கடைகளில் கிடைக்கும் டார்ச்சுகளில் 18650 என்ற உருளை பேட்டரி இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்த அளவுக்குள் நல்ல தயாரிப்பில் அடங்குவது சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி. ஆனால் 9,900 என்று மேலே அச்சிட்டு விற்கிறார்கள். அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். ஒரு மணி நேரம்கூட எரியவில்லை. சந்தேகப்பட்டு வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன், 28 கிராம். பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த அதே அளவுப் பேட்டரியைப் பக்கத்தில் வைத்தேன், 45 கிராம். நல்ல 18650 ஏறத்தாழ 45 கிராம் இருந்தே தீரும். நம்ப முடியாத எண் எழுதியிருந்தால் எடையைப் பாருங்கள். உண்மை அங்கே தெரிந்துவிடும்.

குடும்பத்தில் ஒரு விளக்காவது பென்சில் பேட்டரியில் எரிவதாக இருக்கட்டும். சின்னக் கிராமத்துப் பெட்டிக் கடையிலும் அது கிடைக்கும். பயணம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து கம்பிச் சுருளை அரித்துவிடும். மற்ற எல்லா விளக்குகளும் டைப்-சி துளை உள்ளவையாக இருந்தால் ஒரே வயரில் வேலை முடியும்.

தூசி, மழை

நம் செம்மண் பொடி மாவுபோல நுணுக்கமானது. வயர் செருகும் துளைக்குள் புகுந்து இறுகிவிட்டால் சார்ஜ் ஏறாது. துளைக்கு ரப்பர் மூடி இருப்பது கட்டாயம். தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பெட்டியில் ஐ.பி. என்ற குறியீட்டால் காட்டுவார்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும், தூசியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஐ.பி.65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும். செட்டிநாட்டுப் பயணங்களுக்கு ஐ.பி.65 போதும்.

எரியும் விளக்குகள்

அரிக்கேன், பெட்ரோமாக்ஸ் இரண்டின் மேலும் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. ஆனால் அவற்றை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஒரு நிமிடம்கூட எரியவிடக் கூடாது. எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குபவருக்குத் தெரியாமலேயே உயிரைக் கொண்டுபோகும். வெளியில் காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல், பாயிலிருந்து தள்ளி மட்டுமே அவை எரியலாம். மெழுகுவத்திக்கும் இதே விதிதான்.

தங்கும் இடத்தின் மரியாதை

கண்மாய்க் கரையில் தங்குவதானால் முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத் தங்குங்கள். இருட்டில் தெரியாத வண்டியும் விளக்கும் ஊருக்குக் கலக்கத்தைத் தரும். வீடுகளை நோக்கியும், சாலையில் வருகிறவர் முகத்திலும் டார்ச் அடிக்காதீர்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த மக்கள் வாழும் மாவட்டத்தில், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவை அடைந்திருக்கும் திசைக்கு நாம் விளக்கைத் திருப்பலாகாது. மேலே மூடியிட்டு ஒளி கீழே மட்டும் விழும் விளக்குகளை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம். பழனிப் பாதையில் சாமான் வண்டி ஓரமாக நிற்கும்போது, பின்புறம் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியட்டும். நடப்பவர் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், எல்லா விளக்குகளையும் முழுவதும் ஏற்றி, மாலையில் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரே நேரத்தில் எரியவிடுங்கள். எது எத்தனை மணிக்கு மங்கியது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, அந்த நேரத்தை ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி அந்தந்த விளக்கின் அடியில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுச் சமையல் விளக்கின் அடியில் 'ஐந்தே கால் மணி நேரம், நடு வெளிச்சம்' என்று எழுதியிருக்கிறது. சென்ற ஆண்டு அது ஐந்தே முக்காலாக இருந்தது.